பச்சை டிக் பிறந்த கதை

2010 அக்டோபர் 10 அன்று லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 10.10 வெளிவந்தது. பதிப்பு எண்ணுக்குப் பொருத்தம் பார்த்துக் குறித்த முகூர்த்தம்! அதன் இன்ஸ்டாலரான யுபிக்விட்டியில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. டிஸ்கில் இடம் இருக்கிறதா, கரன்ட்டில் செருகியிருக்கிறதா, இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் பக்கம். எல்லாம் சரியென்றால் பச்சை டிக்.

டிஸ்க் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிவிடாது. இன்டர்நெட் அப்படியா? பக்கம் திறந்த பிறகுதான் கேபிளைத் தேடுவோம்; வைஃபை பாஸ்வேர்டை அப்புறம்தான் பக்கத்து அறையில் கேட்டு வாங்குவோம். டிக் அந்த நொடியே மாற வேண்டும். ‘நிறுவும்போதே அப்டேட்டுகளை இறக்கு’ என்ற தேர்வு அதை நம்பித்தான் இருந்தது.

நொடிக்கு ஒருமுறை ‘வந்துவிட்டதா?’ என்று நச்சரிக்கலாம். தேவைப்படவில்லை, வழி ஏற்கெனவே போட்டாகியிருந்தது. கேபிள் செருகினாலும் உருவினாலும் லினக்ஸ் கெர்னல் நெட்லிங்க் என்ற தன் செய்தித் தடம் வழியாகத் தகவல் அனுப்பும். 2004இல் ரெட் ஹாட்டில் பிறந்த நெட்வொர்க்மேனேஜர் அதைக் கேட்டு, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸில் ‘ஸ்டேட்சேஞ்ச்டு’ என்று ஒலிபரப்பும். இன்ஸ்டாலரின் பக்கங்கள் பைத்தானில் எழுதிய ப்ளகின்கள். இந்தப் பக்கத்துக்கான ப்ளகின் அந்த ஒலிபரப்புக்குக் காது கொடுத்தால் போதும்.

ஒரு சிக்கல். ஒலிபரப்பு மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். கேபிள் முன்பே செருகியிருந்தால் மாற்றமே நடக்காது, டிக்கும் வராது. அதனால் ஆரம்பத்தில் ஒருமுறை நேராகக் கேட்டுவிட்டு, பிறகு காத்திருக்க வேண்டும்.

வரும் பதில் வெறும் எண்தான். பழைய நெட்வொர்க்மேனேஜரில் 3 என்றால் ‘இணைந்தாயிற்று’. 2011இல் வந்த 0.9 பதிப்பு அதை மூன்றாகப் பிரித்தது: இந்த இணைப்புக்குள் மட்டும் என்றால் 50, உள் நெட்வொர்க் வரை என்றால் 60, முழு இன்டர்நெட் என்றால் 70. ப்ளகினும் 70ஐத் தேடப் பழகிக்கொண்டது.

நெட்வொர்க்மேனேஜரே பதில் சொல்லாவிட்டால்? ‘இணைப்பு இருக்கிறது’ என்றே வைத்துக்கொள் என்று இன்ஸ்டாலரை உருவாக்கியவர்கள் எழுதிவைத்தார்கள். யாரோ வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக இதை ஓட்டுகிறார் போலும், இணைப்பு இல்லாமல் எப்படி உள்ளே வந்திருப்பார் என்பது அவர்கள் கணக்கு. சுத்த யூகம்தான், ஆனால் சரியான பக்கம் சாய்ந்த யூகம். தப்பானால் அப்டேட் இறங்காது, அவ்வளவுதான். மாற்றி யூகித்திருந்தால், நன்றாக இருக்கும் இணைப்பை இல்லையென்று சாதித்திருக்கும்.