ஐஸ் எவ்வளவு மிச்சம்?

ஒரு டம்ளர் தண்ணீரில் நிறைய ஐஸ் போட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரை வையுங்கள். பூஜ்யம் டிகிரி! முக்கால்வாசி கரைந்ததும் மறுபடி கலக்கிப் பாருங்கள். அப்பவும் பூஜ்யம்தான். கடைசித் துண்டு காணாமல் போகும்வரை தெர்மாமீட்டர் வாயே திறக்காது!

இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. சில பெரிய கட்டடங்களில், மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் ராத்திரியில் ராட்சதத் தொட்டிகளில் ஐஸ் உறையவைத்து, பகலில் அதைக் கரைத்து ஏ.ஸி.க்குக் குளிர்ச்சி எடுக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ‘இன்னும் எவ்வளவு பாக்கி?’ என்று தெரிந்தாக வேண்டும். ஐஸ் தீர்ந்துபோனால் கரன்ட் விலை உச்சத்தில் இருக்கும்போது மெஷினை ஓட்ட வேண்டும். பயந்துபோய் மிச்சம் வைத்தால், ராத்திரி உழைப்பு வீண்!

தெர்மாமீட்டரின் இந்த மௌனத்துக்குக் காரணம் கண்டுபிடித்தவர் ஜோசப் பிளாக். 1761 வாக்கில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பூஜ்யம் டிகிரி ஐஸ், பூஜ்யம் டிகிரி தண்ணீராவதற்கே ஏராளமான வெப்பத்தை விழுங்குகிறது என்றார் அவர். எவ்வளவு? அதே எடையுள்ள தண்ணீரை பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிவரை சூடாக்கும் அளவுக்கு! இதுதான் ‘உள்ளுறை வெப்பம்’.

‘அப்படியானால் கரைந்த தண்ணீரை எடைபோட்டால் வெப்பத்தையே அளந்துவிடலாமே’ என்று கிளம்பினார்கள் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும். 1782-83 குளிர்காலத்தில், ஐஸ் சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினி பன்றியை உட்கார வைத்தார்கள். அறையின் சூடு உள்ளே புகாமலிருக்க வெளியே இன்னொரு சுற்று ஐஸ். பத்து மணி நேரத்தில், அந்தப் பிராணியின் உடற்சூடு சுமார் 13 அவுன்ஸ் ஐஸைக் கரைத்துவிட்டது!

ஆனால் 1784-ல் இங்கிலாந்தின் பீங்கான் மன்னர் வெட்ஜ்வுட் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். கரைந்த தண்ணீர் முழுசாக வெளியே வருவதில்லை. ஐஸ் துண்டுகளின் இடுக்கிலேயே தங்கிவிடுகிறது. அப்புறம் எடை எப்படிச் சரியாக இருக்கும்?

1870-ல் விடை சொன்னவர், லேபரட்டரி ‘பர்னர்’ மூலம் நமக்கெல்லாம் பரிச்சயமான ஜெர்மானியர் புன்சன். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவிகிதம் பருக்கும்; கரைந்தால் சுருங்கும். எடை எதற்கு? அந்தச் சுருக்கத்தை மெல்லிய குழாயில் பாதரசம் நகர்வதை வைத்து அளந்தார்.

இன்றைய ஐஸ் தொட்டிகளில் பலவும் இதே தந்திரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. தண்ணீர் மட்டம் ஏறினால் ஐஸ் சேருகிறது, இறங்கினால் கரைகிறது. ‘மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் மாறாதே, ஆர்க்கிமிடீஸ் என்ன ஆனார்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான்! இங்கே ஐஸ் மிதப்பதில்லை. தண்ணீருக்குள் மூழ்கிய குழாய்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி விட்டு ஒரு பாளம் மேலே வந்துவிட்டாலோ, தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிப்போனாலோ, கணக்கு உதைக்கும்.

அதனால் பாங்க் பாஸ்புக் மாதிரி இன்னொரு கணக்கும் உண்டு: உள்ளே போன குளிர்ச்சி எவ்வளவு, வெளியே எடுத்தது எவ்வளவு? இதிலும் சின்னச் சின்னப் பிழைகள் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். எனவே அவ்வப்போது ஐஸை முழுக்கக் கரையவிட்டு, கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்குத்தான் தெர்மாமீட்டர் வாய் திறக்கும்!