கடுக்காயும் உலகச் சந்தையும்: காவிரிப் படுகைத் துணி ஓவியத்தை முன்வைத்து

முன்னுரை

தாவரச் சாறுகளின் உலக வணிகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஏற்றுமதி அளவையும் விலையையுமே கணக்கில் கொள்கின்றனர். ஒரு காய் எந்தத் தொழில்நுட்பத்தால் வணிகமதிப்புப் பெற்றது, அந்த அறிவு யாருடையது என்னும் வினாக்கள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. கடுக்காயின் வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயும் துணியும்

கடுக்காய், நெல்வயல் சூழ்ந்த காவிரிப் படுகையில் விளைவதன்று, மலைக்காடுகளில் கிடைப்பது. எனினும் படுகையின் துணி ஓவியர்க்கு அது இன்றியமையாததாக இருந்தது. கடுக்காய்த் தூளை எருமைப்பாலோடு கலந்து, அதில் துணியை நனைத்து வெயிலில் உலர்த்தினர். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் பருத்தி இழையில் பற்றிக்கொள்ளும். வெல்லநீரில் பழைய இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசலை அதன்மேல் தீட்டக் கருமை தோன்றும். படிகாரத்தால் தீட்டிய இடம் சாயவேர்ச் சாற்றில் செந்நிறம் பெறும். பாலின் கொழுப்பு, தீட்டிய கோடு பரவாமல் காத்தது. கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்தினர்க்காக உருவான சேலைகள் இத்துணி ஓவிய மரபைச் சார்ந்தவை.

ஐரோப்பியர் திரட்டிய தகவல்கள்

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளுக்கு ஐரோப்பாவில் பெரும் வரவேற்பு இருந்தது. உள்நாட்டு நெசவைக் காக்கப் பிரான்சு 1686இல் அவற்றைத் தடைசெய்தும் நாட்டம் தணியவில்லை. 1734 அளவில் பியூலியு என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இத்தொழிலைக் கண்டு, ஒவ்வொரு படிநிலையிலும் துணித்துண்டு ஒன்றை வெட்டித் தம் குறிப்போடு இணைத்தார். வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் சுட்டிய இயேசு சபைத் துறவி கூர்தூ, 1742ஆம் ஆண்டுக் கடிதத்தில் கடுக்காயைத் தமிழ்ப் பெயராலேயே குறித்து, எருமைப்பாலின் பயனையும் விளக்கினார். அவருக்குத் தகவல் தந்தோர் கிறித்தவம் தழுவிய தமிழ்த் தொழிலாளர்கள். எனினும், கடிதத்தோடு நிலைத்தது எழுதியவர் பெயரே.

இக்குறிப்புகளால் மட்டுமே ஐரோப்பியத் தொழில் வளர்ந்தது எனல் பொருந்தாது. அங்கு மரக்கட்டை அச்சும் மேடர் வேரும் முன்பே வழக்கிலிருந்தன. ஆயினும், செய்முறையை அறியும் வேட்கை சந்தைப் போட்டியிலிருந்தே எழுந்தது என்பது தெளிவு.

துணியிலிருந்து தோலுக்கு

1759இல் பிரான்சு தடையை நீக்கியபின் அங்கு அச்சுத்துணி ஆலைகள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடுக்காய், தோல் பதனிடும் துவர்ப்பொருளாகப் பிரிட்டனுக்குப் பெருமளவில் கப்பலேறியது. முன்பு ஓவியத் துணியின் வழியாக ஐரோப்பா சென்ற காய், இப்போது கச்சாப் பொருளாகவே சென்றது. 1855இல் தஞ்சையின் இறுதி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் கோடாலிக்கருப்பூர் தன் புரவலரை இழந்தது. 1868இல் கிரேபே, லீபர்மான் ஆகியோர் செயற்கையாக உருவாக்கிய அலிசரின், சாயவேரின் இடத்தையும் பின்னர்க் கைப்பற்றியது.

முடிவுரை

கும்பகோணம் அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையில் இம்மரபு இன்றும் தொடர்கிறது. கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. ஏற்றுமதிப் பட்டியல்களை மட்டும் நோக்கினால் கடுக்காய் ஒரு காட்டு விளைபொருளாகவே தோன்றும். செய்முறைக் குறிப்புகளோடு ஒப்பிடும்போதே அதன் மதிப்பில் ஓவியரின் அறிவுக்கு உள்ள பங்கு புலனாகிறது. தாவரப் பொருள்களின் சந்தை வரலாறு இவ்விருவகைச் சான்றுகளையும் இணைத்தே எழுதப்படவேண்டும்.