காற்றை முகர்ந்த பிளாஸ்டிக்

1976 நவம்பர். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம். ஜப்பானிலிருந்து வந்திருந்த வேதியியலாளர் ஹிதேகி ஷிரகாவா, வெள்ளிபோல் மின்னும் பாலிஅசிட்டிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றின் மீது புரோமின் ஆவியைப் படவிட்டார். அதுவரை அந்தப் படலத்தில் மின்சாரம் பாய்ந்தது என்று சொல்லவே முடியாத அளவுக்குக் கடத்தல் குறைவு. ஆவி பட்டதும், சில நிமிடங்களுக்குள் அது கிடுகிடுவென உயர்ந்தது. புரோமினுக்குப் பதிலாக அயோடின் ஆவியைப் படவிட்டால் பாலிஅசிட்டிலீனின் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு கூடுவதை, அடுத்த ஆண்டே ஷிரகாவாவும் ஆலன் மெக்டயர்மிட்டும் ஆலன் ஹீகரும் உலகுக்கு அறிவித்தார்கள். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

பிளாஸ்டிக் உலோகமான கதை என்றே இதைச் சொல்வது வழக்கம். நடந்ததை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஒரு வாயு வந்து பிளாஸ்டிக்கைத் தொட்டது. தொட்ட சேதியை மின்சாரம் சொன்னது. இன்று பிளாஸ்டிக் வாயு உணரிகள் செய்யும் வேலை இதுதான். ஆனால் அன்று எல்லார் மனத்திலும் இருந்தது வேறு கனவு: செம்புக் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி, எடை குறைந்த பேட்டரி.

அந்தக் கனவைக் கெடுத்தது காற்று. பாலிஅசிட்டிலீனைத் திறந்து வைத்தால் ஆக்சிஜன் அதைத் தின்னத் தொடங்கும். கடத்தல் நாளுக்கு நாள் சரியும். எனவே ஆய்வாளர்களின் கவனம் அதைவிட உறுதியான பாலிபிர்ரோல், பாலிஅனிலின் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. இவை அன்று பிறந்தவை அல்ல. லண்டன் மருத்துவமனையின் ஹென்றி லெதபி, அனிலின் கலந்த கந்தக அமிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, மின்முனையில் நீலப் படிவு உண்டாவதை 1862-லேயே எழுதி வைத்திருந்தார். பாலிபிர்ரோல் மின்சாரம் கடத்தும் என்பதை 1963-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். காற்றில் நிலைத்து நின்ற இந்தப் பொருள்களும் அம்மோனியாவோ சாராய ஆவியோ பட்டால் உடனே மாறின. கம்பிக்கு இது குறை. உணரிக்கோ இதைவிட வேறு தகுதி தேவையில்லை.

அப்படியொரு உணரியின் தேவை மிகப் பழையது. 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். 1815-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி செய்த பாதுகாப்பு விளக்கு, வெளிச்சம் தந்ததோடு மீத்தேனையும் காட்டிக்கொடுத்தது: வாயு இருந்தால் சுடருக்கு மேல் வெளிர்நீலத் தொப்பி ஒன்று தோன்றும். மணமில்லாத கார்பன் மோனாக்சைடை அறிய, உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேனின் பரிந்துரைப்படி கேனரிக் குருவிகள் சுரங்கத்துக்குள் போயின. பிரிட்டனில் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கும் முடிவு 1986-இல்தான் வந்தது.

குருவியின் இடத்துக்கு வந்த கருவிகளில் பெரிதும் பரவியது ஜப்பானில் உருவானது. 1962-இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் தெட்சுரோ செய்யாமா, சூடேற்றிய துத்தநாக ஆக்சைடு படலம் வாயு பட்டதும் மின்தடை மாறுவதைக் காட்டினார். அதே காலத்தில் நாவோயோஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். அது ஃபிகாரோ என்ற பெயரில் சந்தைக்கு வந்து, வீடுகளின் சமையல் வாயுக் கசிவைக் காக்கும் காவலாளியானது. ஒரே சிரமம், சூடு. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அதற்காக ஓயாமல் மின்சாரம் செலவாகும்.

செய்யாமா பணியாற்றிய அதே ஃபுகுவோகா நகரில், 1983-இல் வேதி உணரிகளுக்கான சர்வதேச மாநாடு கூடியது. அங்கே ஸ்வீடனைச் சேர்ந்த நைலாண்டர், ஆர்ம்கார்த், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் ஓர் எளிய பொருளைப் பற்றிப் பேசினார்கள்: பாலிபிர்ரோலில் தோய்ந்த வடிதாள். அறை வெப்பநிலையிலேயே, சூடேற்றி எதுவும் இல்லாமல், அம்மோனியா பட்டதும் அதன் மின்தடை உயர்ந்தது. கடத்தும் பிளாஸ்டிக்கால் ஆன வாயு உணரிகளின் வரலாறு அந்தத் தாளிலிருந்துதான் எழுதப்படுகிறது.

உள்ளே நடப்பதை பாலிஅனிலினைக் கொண்டு விளக்கலாம். அமிலம் ஏற்றிய பாலிஅனிலின் பச்சையாக இருக்கும், மின்சாரம் கடத்தும். அம்மோனியா மூலக்கூறு வந்து, அந்த அமிலம் கொடுத்த புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். பச்சை நீலமாகும், கடத்தல் விழும். தூய காற்றை ஊதினால் அம்மோனியா விலகி, பொருள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் ஒரு படலம் ஒரு வாயுவுக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. இதற்கு விடை மூக்கிடமிருந்தே வந்தது. நம் மூக்கிலும் ஒரு மணத்துக்கு ஒரே ஏற்பி என்ற ஏற்பாடு இல்லை; பல ஏற்பிகள் சேர்ந்து தரும் கோலத்தைத்தான் மூளை படிக்கிறது. 1982-இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பெர்சாடும் ஜார்ஜ் டாட்டும் சில உணரிகளை இணைத்து மாதிரி மூக்கு ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் பயன்படுத்தியவை வெள்ளீய ஆக்சைடு உணரிகள். பின்னர் பெர்சாட் மான்செஸ்டரில் கடத்தும் பாலிமர்களைக் கொண்டு உணரி வரிசைகளை உருவாக்கினார். 1990-களில் அவை அரோமாஸ்கேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. வாரிக்கில் ஜூலியன் கார்ட்னரும் ஃபிலிப் பார்ட்லெட்டும் பீர் வகைகளை அவற்றின் மணத்தால் பிரித்தறிய இத்தகைய வரிசைகளை வைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த திருப்பம் கலிஃபோர்னியாவில். கால்டெக் பல்கலைக்கழகத்தின் நேதன் லூயிஸ் குழு 1990-களின் நடுவில் ஒரு கேள்வி கேட்டது: பிளாஸ்டிக்கே மின்சாரம் கடத்தியாக வேண்டுமா? சாதாரண, கடத்தாத பிளாஸ்டிக்கில், டயருக்குக் கறுப்பு நிறம் தரும் புகைக்கரித் தூளைக் கலந்தார்கள். கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை மின்சாரம் பாயும். ஆவி உள்ளே புகுந்தால், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலைபோல பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், மின்தடை ஏறும். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வோர் ஆவியில் ஒவ்வோர் அளவு உப்புவதால், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக்குகளை வைத்தே வகைவகையான உணரிகள் செய்ய முடிந்தது. இந்தக் கலவைப் பொருளிலிருந்துதான் 32 உணரிகள் கொண்ட சைரனோஸ் 320 என்ற கைக்கருவி பிறந்தது. நீண்ட மூக்குக்குப் பேர்போன பிரெஞ்சு நாடக நாயகன் சைரனோவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அதே பொருள் விண்வெளிக்கும் போனது. சில விண்கலங்களின் குளிரூட்டும் அமைப்பில் அம்மோனியா ஓடுகிறது. அது உள்ளே கசிந்தால் சன்னலைத் திறந்துவிட வழியில்லை. 1998 அக்டோபர் இறுதியில், 77 வயது விண்வெளி வீரர் ஜான் க்ளென் ஏறிச் சென்ற டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் செய்த மின்னணு மூக்கும் பயணம் செய்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் முன் சாராயம் தோய்ந்த துடைப்புத் துணியைத் தினமும் காட்டினார்கள். அதையும், அறையின் ஈரப்பத மாற்றத்தையும் அது சரியாகப் பதிவு செய்தது. பிந்தைய தலைமுறைக் கருவி ஒன்று 2009-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் இயங்கியது.

ஈரப்பதத்தை அவ்வளவு துல்லியமாகக் காட்டியதில் இந்தப் பொருள்களின் பெரிய பலவீனமும் தெரிகிறது. தேடும் வாயுவையும் மழைக்கால ஈரத்தையும் அவை எளிதில் குழப்பிக்கொள்ளும். நாளாக ஆக அளவீடு மெல்ல நகர்ந்துபோகும். அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருக்கும். இதற்கிடையே புதுப் பொருள்களும் வந்தன. 2000-இல் ஸ்டான்ஃபோர்டின் ஹோங்ஜி டாய் குழு கார்பன் நானோகுழாய் வாயுவை உணர்வதைக் காட்டியது. 2003-இல் லாஸ் ஏஞ்சலஸில் ரிச்சர்ட் கேனர் குழு பாலிஅனிலினை நானோ இழைகளாக்கி, வாயு உள்ளே புக அதிகப் பரப்பும் விரைவும் தந்தது. இத்தகைய நானோ பொருள்களைப் பிளாஸ்டிக்கோடு கலந்த புதுக் கலவைகள் உணர்திறனைப் பல மடங்கு கூட்டியிருக்கின்றன. ஈரத்தின் சிக்கல் மட்டும் முழுதாகத் தீரவில்லை.

அதனால்தான் சமையலறைக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளில் வெள்ளீய ஆக்சைடு இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. அந்த இடத்தைப் பிடிப்பது பிளாஸ்டிக் உணரிக்கு அவசியமும் இல்லை. சூடேற்ற மின்சாரம் இல்லாத இடம், சிறு பேட்டரி, வளையும் பரப்பு, துணியிலும் தாளிலும் அச்சிட வேண்டிய தேவை: இவைதான் அதற்குரிய களம். வடிதாளில் தொடங்கிய தொழில்நுட்பத்துக்கு அங்கேதான் உண்மையான எதிர்காலம்.