பதிவேட்டில் காணாத பெயர்கள்: ஸ்காட்லாந்துத் திருச்சபை ஏடுகள் தரும் பாடம்

சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஆசாரியக் குடும்பத்தாருள் சிலருடைய பெயர்கள் வம்ச அட்டவணையில் அகப்படவில்லை. அதனால் அவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர் என எஸ்றாவின் நூல் (2:62) அறிவிக்கிறது. குறை அம்மக்களிடத்தில் இருந்ததா, அன்றி ஏட்டிலேயே இருந்ததா? இவ்வினாவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய ஏடுகளைக் கொண்டு ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

திருமுழுக்குகளையும் திருமண அறிவிப்புகளையும் ஒவ்வொரு சேகரமும் எழுதிவைக்க வேண்டுமென்று ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பேரவை 1552ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. எஞ்சியுள்ள ஏடுகளுள் மிகப் பழையது எரால் சேகரத்தில் 1553இல் தொடங்குகிறது. சீர்திருத்தத்திற்குப் பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1855இல் அரசு பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை மேற்கொண்டபின், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சேகரங்களின் ஏடுகள் படிப்படியாக அரசின் காப்பில் சேர்க்கப்பட்டன. எனினும், தம் முன்னோரைத் தேடுவோர் பலர் 1855 வரை தடையின்றிச் சென்று, அதற்கப்பால் சுவடிழந்து நிற்கின்றனர். ஏன்?

முதற்காரணம் பணம். பெயரை எழுதச் சபை எழுத்தருக்குக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. 1783 முதல் 1794 வரை, ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரியும் விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிப் பலர் பதியாமலே விட்டனர். மரித்தோரின் பெயர்களோ, சவப்பெட்டியின்மேல் விரிக்கும் துணிக்குச் செலுத்திய வாடகைக் கணக்கில் மட்டுமே பல இடங்களில் காணப்படுகின்றன.

இரண்டாவது காரணம் பிரிவினை. 1733இலும் 1761இலும் சிலர் பிரிந்து தனிச்சபைகளை அமைத்தனர். 1843இல் தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் 450க்கு மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். சென்னையில் ஊழியஞ்செய்த ஜான் ஆண்டர்சனும் அச்சபையையே சார்ந்தார். இவ்வாறு பிரிந்த சபைகளின் ஏடுகள் சேகர ஏடுகளோடு சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரு குடும்பம் முழுவதும் திடீரென மறைந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அவர்கள் அதே ஊரில் வேறோர் ஆலயத்தில் தொழுதுகொண்டிருந்தனர்.

மூன்றாவது காரணம் ஒழுங்குமுறை. போதகரின்றி, இருவர் தங்களைக் கணவன் மனைவியென ஏற்றுக்கொண்டாலே 1940 வரை நாட்டுச் சட்டப்படி திருமணம் செல்லுபடியாயிற்று. சபையோ அதனை ஒழுங்கற்றதெனக் கண்டித்தது. கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ் 1786இல் மாக்லின் ஆலயத்தில் சபையார்முன் நின்று கண்டனம் பெற்றார். அவருக்கும் ஜீன் ஆர்மருக்கும் நடந்த திருமணத்தை 1788 ஆகஸ்டில் அச்சபையின் மூப்பர் அவை ஏற்றுக்கொண்டு தன் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிற்று. மணமாகாத தாய்மாரை மூப்பர்கள் விசாரித்தபோது வெளிவந்த தந்தையின் பெயர் பலமுறை அக்குறிப்பில் மட்டுமே உள்ளது. அவ்வாறே, 1845இன் ஏழையர் சட்டத்துக்கு முன், சபைக் காணிக்கையால் தாங்கப்பட்ட விதவையரும் அனாதைகளும் தருமக் கணக்குகளில் வாழ்கின்றனர். திருமுழுக்கு ஏட்டில் இடம்பெறாதவர்கள் கண்டன ஏட்டிலும் பிச்சைக் கணக்கிலும் இடம்பெற்றனர்.

இக்குறையை அரசின் ஏடுகள் ஓரளவு நிறைவு செய்கின்றன. 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதியது. பிறந்த ஊரையும் கூறவில்லை. 1851ஆம் ஆண்டுக் கணக்கோ வீட்டுத் தலைவரோடுள்ள உறவையும் பிறந்த சேகரத்தையும் தருகிறது. 1855க்குப் பிந்திய இறப்புப் பதிவில் பெற்றோர் இருவரின் பெயரும், தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயரும் உண்டு. எனவே 1780இல் பிறந்து 1860இல் மரித்த ஒருவரின் பெற்றோரை, திருமுழுக்குப் பதிவு இல்லாவிடினும், நாம் அறியக்கூடும். தகவல் தந்தவர் அறிந்த அளவே அது மெய்யாகும் என்பதை மறத்தலாகாது. அரசு எவரிடமும் நீர் எச்சபையினர் என்று கேட்டுப் பெயரை விலக்கவில்லை. சபை அவ்வாறு விலக்கியது என்பதே நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும்.

மூப்பர் அவை வெளிப்படையாக நாணச்செய்த முறையை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் அது எழுதியதனாலேயே அவ்வேழைகள் மறக்கப்படாதிருக்கின்றனர். பதிவேடு என்பது உண்மையை மட்டுமன்று, அதை எழுதிய சபை யாரைத் தன்னவர் எனக் கருதியது என்பதையும் காட்டுகிறது. ஆகவே ஓர் ஏட்டில் ஒருவர் பெயர் காணப்படாதபோது, அவர் இல்லை என்று முடிவுசெய்யுமுன், அவரை எழுதாமல் விட்டவர் யார் என்று வரலாற்று மாணவர் கேட்கவேண்டும்.

நம் கையிலும் திருமுழுக்கு ஏடு இருக்கிறது. கட்டணம் செலுத்த இயலாதவரின் குழந்தை, வேறு சபைக்குச் சென்றுவிட்ட குடும்பத்தின் குழந்தை, தந்தையின் பெயர் கூறப்படாத குழந்தை ஆகியோரின் பெயரையும் தாயின் பெயரையும் தெளிவாக எழுதுவது நம் ஆயர்ப்பணியின் ஒரு பகுதியே. கர்த்தர் தம்முடையவர்களை அறிவார் என்பது மெய். அதனை நம் அசட்டைக்குச் சாக்காகக் கொள்ளலாகாது.