கருஞ்சாம்பல் கணக்கு

உப்பிலிருந்து சலவை சோடா எடுக்கும் முறைக்கு நிக்கோலா லெப்லாங்க் 1791-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அதுவரை பெரிதும் பயன்பட்டது செடிகளை எரித்த சாம்பல். வேதிப்பொருள்கள் எந்த எடை விகிதத்தில் வினைபுரிகின்றன என்பதை ஆராயும் துறைக்கு ஜெர்மனியின் ரிக்டர் பெயர் சூட்டியது 1792-இல். அணு எடைகள் அதற்கும் பிந்தியவை. தொழில் கணக்கை முந்திக்கொண்டது. தொடக்கத்தில் உலைக்காரர்களுக்கு அனுபவமே அளவுகோல்.

உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்தால் சோடியம் சல்பேட் கிடைக்கும். அதைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் உலையில் கிளறிச் சுட்டால் கருஞ்சாம்பல். அதை நீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சினால் சோடா. சமன்பாட்டின்படி 142 டன் சல்பேட்டுக்கு 100 டன் சுண்ணாம்புக்கல்லும் 24 டன் கார்பனும் போதும். அதிலிருந்து 106 டன் சோடாவுக்கு மேல் கிடைக்காது. இதுவே கோட்பாட்டு விளைச்சல்.

இக்கணக்கில் 100 டன் சல்பேட்டுக்குத் தேவை சுமார் 70 டன் சுண்ணாம்புக்கல், 17 டன் கார்பன். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு ஆலைகள் சல்பேட்டுக்கு ஏறக்குறைய சம எடை சுண்ணாம்புக்கல்லும் பாதி எடை நிலக்கரியும் கொட்டின. இது அறியாமை அல்ல. திண்மப் பொருள்கள் முழுமையாகக் கலப்பதில்லை. கரியில் ஒரு பங்கு வீணாக எரியும். மிஞ்சிய சுண்ணாம்பு சாம்பலை நுண்துளையுள்ளதாக்கி, நீரில் எளிதில் கரையவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சல்பேட்தான் விலை கூடிய பொருள். முதலில் தீர வேண்டியது, அதாவது வினையைக் கட்டுப்படுத்தும் வினைபடுபொருளாக இருக்க வேண்டியது அதுவே. 100 டன் சல்பேட்டுக்கு 50 டன் சுண்ணாம்புக்கல் மட்டும் போட்டால் நிலைமை தலைகீழாகும்: சுண்ணாம்புக்கல் முன்னே தீர்ந்து, சோடா 53 டன்னோடு நிற்கும். சல்பேட்டில் ஏறத்தாழ 29 டன் வீண்.

இதே கணக்கு பின்னர் ஆலைகளுக்கு எதிராகவும் திரும்பியது. 117 டன் உப்பு கந்தக அமிலத்தோடு முழுதும் வினைபுரிந்தால் 73 டன் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். இங்கிலாந்தில் அது புகைபோக்கி வழியே போய் வயல்களையும் மரங்களையும் கருக்கியது. 1863-ஆம் ஆண்டின் காரத் தொழில் சட்டம் அந்த வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்து வைக்கக் கட்டளையிட்டது. எவ்வளவு உண்டாகிறது என்று தெரியாமல் 95 விழுக்காட்டை அளக்க முடியாது. ஆகவே விளைச்சல் கணக்கு சட்டத்தை அமலாக்கிய ஆய்வாளர்களுக்கும் வேலையாயிற்று. முதல் தலைமை ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் ஒரு வேதியியலாளர்.

சோடா எடுக்க 1860-களில் வந்த சால்வே முறையும் விலை கூடிய பொருளைக் காக்கும் இதே வழியில் சென்றது. அதில் உப்பின் கணிசமான பங்கு வினைபுரியாமலே வெளியேறும். உப்பு மலிவு என்பதால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டனர். விலையுயர்ந்த அம்மோனியாவை மட்டும் மீட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். அதன் போட்டியால் முதல் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகளிலேயே லெப்லாங்க் உலைகள் அணைந்துவிட்டன.