சாங்கிச் சிறைமுகாமில் செபம்: ஆறுதலின் வரலாறு குறித்த ஒரு நோக்கு (1942–1945)

முன்னுரை

துன்பக் காலத்தில் மனிதர் இறைவனை நாடுவது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான இயல்பாகும். பக்தி இலக்கியத்தில் பயிற்சி உடையோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், அவ்வாறு நாடியோர் பெற்ற ஆறுதல் எத்தகையது என்பதை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு அறிவது எளிதன்று. ஆறுதல் உள்ளத்தில் நிகழ்வது. ஆவணங்களோ பெரும்பாலும் புறநிகழ்வுகளையே பதிவு செய்கின்றன. இவ்விடைவெளியை ஓரளவேனும் கடக்க உதவும் சான்றுகள் சிங்கப்பூரின் சாங்கியில் கிடைக்கின்றன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்டிருந்த கிறித்தவர்க்குச் செபம் எவ்வாறு துணைநின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவினையாக வெளிப்பட்ட செபம்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பசியும் நோயும் சூழ்ந்த அம்முகாமில் கைதிகள் சிற்றாலயங்கள் பலவற்றை அமைத்தனர். படைக்குருவாகிய எரிக் கார்டிங்லி தம் வழிபாட்டிடத்தை, இந்தியப் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு பள்ளிவாசலில் நிறுவினார். ஒரு சமயத்தார் தொழுத இடம் பிறிதொரு சமயத்தார்க்கும் புகலிடமாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வாலயத்திற்கென ஹாரி ஸ்டாக்டன் என்னும் கைதி, பீரங்கிக் குண்டின் பித்தளை உறையைக் கொண்டு ஒரு சிலுவை செய்தார். அச்சிலுவை எஞ்சியது, அதைச் செய்தவரோ தாயகம் திரும்பவில்லை. செபித்தவர் அனைவரும் பிழைத்தனர் என்னும் எளிய முடிவுக்கு வரலாறு இடந்தருவதில்லை.

ஸ்டான்லி வாரன் வரைந்த சுவரோவியங்கள் இதனினும் விரிவான சான்றாகும். சிறுநீரக நோயாலும் வயிற்றுக்கடுப்பாலும் வாடிய அவர், முகாம் மருத்துவமனையிலிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தில் 1942இல் வரையத் தொடங்கினார். உடல்நிலை காரணமாக ஒரு வேளையில் சிறிது நேரமே அவரால் நின்று வரைய இயன்றது. படைத்தளவாடங்களை மறைக்கப் பூசும் வண்ணமும் பில்லியர்ட்சு ஆட்டத்திற்குரிய சுண்ணக்கட்டியும் சக கைதிகளால் தேடித் தரப்பட்டன. கிறித்து பிறப்பு, இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு முதலிய ஐந்து ஓவியங்கள் உருவாயின. சிலுவைப்பாட்டு ஓவியத்தில், அறிந்திலாது செய்வோரை மன்னிக்குமாறு தந்தையை வேண்டும் விவிலியச் சொற்கள் இடம்பெற்றன. காவலர் கண்முன்னே, காவலருக்காகவும் எழுதப்பட்ட வேண்டுதல் அது.

பின்னர் அவ்வாலயம் பண்டகசாலையாக்கப்பட்டது. ஓவியங்கள் மேற்பூச்சில் மறைந்தன. 1958இல் அவை மீண்டும் வெளிப்பட்டபோது, இலண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரன் சாங்கிக்கு வரத் தயங்கினார். பிறர்க்கு ஆறுதல் அளித்த ஓவியங்கள் அவருக்கு மறக்க விரும்பிய நாள்களின் நினைவாகவும் இருந்தன. எனினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து அவற்றைச் சீரமைத்துத் தந்தார்.

மன்னிப்பு என்னும் கடுஞ்சோதனை

பேராயர் லியோனார்டு வில்சனின் பட்டறிவு வேறு வகையினது. 1943 செப்டம்பரில் நேசநாட்டு வீரர்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தனர். இதற்குச் சாங்கிச் சிறையிலிருந்த குடிமக்கள் உளவு கூறியிருக்கலாம் என ஜப்பானிய இராணுவப் போலீசார் ஐயுற்றனர். அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய கைதுகளில் 57 பேர் சிக்கினர். அவர்களுள் 15 பேர் உயிரிழந்தனர். வில்சனும் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார்.

1946 அக்டோபரில் பிபிசி வானொலியில் அவர் ஆற்றிய உரை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தம்மை அடித்தவர்களை மன்னிக்குமாறு செபித்தபோது, அதனைத் தாம் உண்மையாகவே எண்ணுகிறோமா, அல்லது நடிக்கிறோமா என்னும் ஐயம் தமக்கு எழுந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். அம்மனிதர்களைப் பெற்றோர் அன்பில் திளைத்த குழந்தைகளாக மனக்கண்ணில் கண்டபோதே வெறுப்பு தணிந்தது. இறைவன் தம்மை வலியினின்று விடுவிக்கவில்லை. வலியைத் தாங்கும் உள்ளுரத்தையே அளித்தார் என்பது அவரது சான்றுரையின் சாரம். தம்மை வதைத்தவர்களுள் ஒருவருக்குப் போருக்குப் பின் அவரே திடப்படுத்தல் சடங்கை நிறைவேற்றினார்.

பதிவு பெறாத செபங்கள்

சிறைக்கு வெளியிலும் செபம் தொடர்ந்தது. 1943 மார்ச்சில் வில்சன் சிறைப்பட்டபின், ஆங்கிலிக்கன் திருச்சபைப் பணியை ஆசியக் குருமாரே தாங்கினர். அவர்களுள் முதன்மையானவர், நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதிய டி.டி. செல்லையா.

இதே காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளரே மிகுதியாக மாண்டனர். கைதிகளிடம் குருமாரும் நாட்குறிப்பும் ஓவியரும் இருந்தமையால் அவர்தம் செபங்கள் ஆவணமாயின. தோட்டத் தொழிலாளர் முருகனையோ மாரியம்மனையோ மாதாவையோ அழைத்த குரல்களுக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. சான்று குறைந்தமையால் செபமும் குறைந்தது எனக் கொள்ளுதல் ஆய்வுப் பிழையாகும்.

முடிவுரை

சாங்கிச் சான்றுகள் காட்டும் ஆறுதல் துன்பத்தை மறக்கச் செய்த மயக்கமன்று. அது கைகளுக்கு வேலையும் நாள்களுக்கு ஒழுங்கும் வெறுப்புக்கு ஓர் எல்லையும் தந்தது. ஐயத்தையும் அது முற்றிலும் அகற்றிவிடவில்லை. ஜப்பானியர் காலத்தை வகுப்பறையில் கற்பிக்கும்போது, இறந்தோர் எண்ணிக்கையோடு, இருந்தோர் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தனர் என்பதையும் நாம் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தோட்டக் குடும்பங்களில் இன்னும் வழங்கிவரும் பாட்டன் பாட்டியர் கதைகளில் நேர்த்திக்கடன்களும் வேண்டுதல்களும் புதைந்திருக்கக்கூடும். அவற்றை மாணவர் வழித் தொகுப்பது தமிழாசிரியர்கள் இயற்றத்தக்க வரலாற்றுப் பணியாகும்.