ரம்பாலவின் புகையிரதமும் மலையகத்தின் கடனும்

சமூகக் கொடையாளர் என்றதும் மலையகத்தில் நம் நினைவுக்கு வருவன கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் பணம் தந்தோரின் பெயர்கள். அவை கல்வெட்டில் இருக்கின்றன, மறப்பதற்கில்லை. அந்த வரிசையில், தன் பதவியைக் கொண்டே ஒரு சமூகத்துக்கு வாரி வழங்கிய அரச அதிகாரிக்கும் இடம் உண்டு என்பது என் கட்சி. 1955 முதல் 1970 வரை இலங்கைப் புகையிரதத்தின் பொது முகாமையாளராக இருந்த பி. டி. ரம்பால அதற்குச் சான்று. கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் படித்து, புகையிரதப் பகுதியில் பயிலுநராகச் சேர்ந்தவர் அவர். வெள்ளைக்காரரே வகித்துவந்த பிரதம இயந்திரவியல் பொறியியலாளர் பதவிக்கு 1949இல் வந்த முதல் இலங்கையரும் அவரே.

அவர் கைக்கு வந்த மலைநாட்டுப் பாதை மனிதருக்காகப் போடப்பட்டதன்று. 1867இல் கண்டியை அடைந்தது கோப்பிக்காக. 1884இல் ஹட்டனையும் அடுத்த ஆண்டு நானுஓயாவையும் தொட்டபோது தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று. 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம், நூறு மீட்டர் ஆரம் மட்டுமே கொண்ட வளைவுகள், பட்டிப்பொலவில் ஏறத்தாழ 1900 மீட்டர் உயரம். இவற்றின் மேல் நீராவி இயந்திரங்கள் திணறின. பின்னாலிருந்து தள்ள இன்னோர் இயந்திரம் வேண்டியிருந்தது. தேயிலைப் பெட்டி தாமதித்தால் கேட்க ஆள் இருந்தது. லயத்திலிருந்து நோயாளியோடு கண்டிக்குப் புறப்பட்டவர் தாமதித்தால் யார் கேட்டார்கள்? 1953இல் டீசல் இயந்திரங்கள் வந்தன; அடுத்த ஆண்டு முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவையும் சேர்ந்தன. நீராவியிலிருந்து டீசலுக்கான இந்த மாற்றத்தை ரம்பாலவே முன்னின்று நடத்தினார். உடரட்ட மெனிக்கே என்ற பயணிகள் வண்டி ஹட்டன் வழியாக ஏறத் தொடங்கியது. சாமான் ஏற்றும் பாதையில் பயணியும் மதிப்புப் பெற்றது இங்கேதான்.

சம்பளம் வாங்கியவர் கடமையைச் செய்தார், அதைக் கொடை என்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தை நினைக்க வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. அரசின் பல கதவுகள் பிரஜையா என்று கேட்டுவிட்டே திறந்தன. புகையிரத நிலையத்தில் மட்டும் காசைக் கொடுத்தால் பயணச்சீட்டு கிடைத்தது. வாக்கில்லாத மக்களுக்காக ஒரு சேவையைச் சீராக்குவதால் எந்த அதிகாரிக்கும் அரசியல் லாபமில்லை. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956இல் வடக்கே ஓடத் தொடங்கிய கடுகதி வண்டி, யாழ்தேவி என்று யாழ்ப்பாணத்தின் பெயரையே தாங்கியது. இதிலிருந்து அவருடைய அரசியலை நான் ஊகிக்க மாட்டேன். அவர் நடத்திய திணைக்களத்தின் நோக்கு நாட்டின் எல்லா முனைகளையும் எட்டியது என்ற அளவே போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை தரவும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னைக்குத் தள்ளப்பட்டது. நம் உறவுகளைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோனதும் இதே கோச்சிதான். ஹட்டன் மேடையிலும் தலவாக்கலை மேடையிலும் ஒப்பாரி எழுந்தது இதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான். அப்படியிருக்க நன்றி எதற்கு? அந்தத் துயரின் பொறுப்பு ஒப்பந்தம் செய்த இரு அரசுகளைச் சேரும். வண்டியை ஓட்டியவர்களைச் சேராது. அனுப்பும் வேலை பெருமளவில் நடந்ததும் 1970க்குப் பிறகு, ரம்பால ஓய்வு பெற்ற பின்னர். ஆயினும் நிர்வாகியின் கொடைக்கு இங்கே ஓர் எல்லை தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டியை நேரத்துக்கு ஓட வைக்க அவரால் முடியும். அதில் ஏறுபவர் திரும்பி வருவாரா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. கல்வெட்டில் பெயருள்ள நம் கொடையாளருக்கும் அந்த அதிகாரம் இருந்ததில்லை. அதற்காக அவர்களுடைய பெயரை நாம் அழித்துவிடவில்லை.